மேலமாசி வீதியில் கழற்றிய சட்டை

1888 செப்டம்பர் கடைசி. பத்தொன்பதை இன்னும் எட்டாத பையன் ஒருவன் லண்டனில் படிப்பதற்காகக் கப்பலை விட்டு இறங்கினான். மேலே வெள்ளை ஃபிளானல் உடுப்பு. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூட்டத்தில் வெள்ளை போட்டவன் அவன் ஒருவன்தான்! மாற்று உடுப்பு இருந்த பெட்டிகளின் சாவி ஏஜெண்டிடம் போய்விட்டது, மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை. கூனிக் குறுகியே அந்த நாளைக் கழித்தான். வெட்கத்துக்கு வட்டியும் முதலுமாகப் பின்னால் செலவு நடந்தது. பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்து பவுனுக்கு சூட், 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய இரட்டைத் தங்கக் கடிகாரச் சங்கிலி.

அந்த மோகம் குடும்பத்தையும் விடவில்லை. 1896-இல் மனைவி மக்களைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போனபோது கஸ்தூரிபாய்க்குப் பார்சிப் புடவைக்கட்டு, பையன்களுக்குக் கோட்டும் கால்சராயும், எல்லார் காலுக்கும் பூட்ஸ். கால் கடித்தது, காலுறை நாறியது. வக்கீல் காந்தி மசியவில்லை.

1913-இல் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகள் சுடப்பட்டார்கள். அந்தத் துக்கத்தில் கோட்டு போனது. 1915-இல் பம்பாயில் இறங்கியபோது கத்தியவார் தலைப்பாகை. பிறகு அதுவும் போய் வெள்ளைக் குல்லாய். வேட்டியும் சட்டையும் மட்டும் மிஞ்சி நின்றன, 1921 வரை.

அந்த ஜூலை 31 அன்று பம்பாய் பரேலில் அந்நியத் துணிகளைக் குவித்துக் கொளுத்தினார். வங்காளத்துக்குப் போனால் எதிர்க்கேள்வி காத்திருந்தது: குல்னாவில் பஞ்சத்தில் ஜனங்கள் உடுத்தத் துணியில்லாமல் சாகும்போது எரிப்பது நியாயமா? பாரிசாலில் வைத்தே சட்டையைக் கழற்றி அவர்களுக்கு அனுப்பிவிடத் துடித்தார். அதில் அகந்தை கலந்திருப்பதாகப் பட, அடக்கிக்கொண்டார்.

செப்டம்பர் 14. வால்டேர் ரயில் நிலையத்தில் மௌலானா முகமது அலியைக் கண்ணெதிரே கைது செய்தார்கள். மறுபடி கை சட்டைக்குப் போனது. நாடகமாகிவிடுமோ என்று இன்னொரு தரம் தள்ளிப்போட்டார். மூன்றாவது தரம் தப்பவில்லை.

மதராஸிலிருந்து மதுரைக்கு வந்த ரயில் பெட்டி நிறைய அந்நியத் துணி. கதர் கட்டச் சொல்லிக் கேட்டார். விலை கட்டாது, நாங்கள் ஏழைகள் என்றார்கள் பயணிகள். முழு வேட்டியும் சட்டையும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தவருக்கு அதற்குமேல் பேச்சு எழவில்லை.

இடுப்பில் ஒரு துண்டு போதும் என்ற யோசனையைக் கூட வந்தவர்களிடம் சொன்னார். மௌலானா ஆசாத் சோபானி உடனே ஒப்புக்கொண்டார். ராஜாஜிக்கும் டாக்டர் ராஜனுக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மேலமாசி வீதியில் ஒரு குஜராத்தி அன்பர் வீட்டு மாடியில் தங்கியவர், செப்டம்பர் 22 அன்று அரையாடையோடு வெளியே வந்தார். அறிக்கையில் ஒரு கெடுவும் வைத்திருந்தார்: அக்டோபர் 31 வரையாவது.

கெடு வந்தது, போனது. சட்டை திரும்பவில்லை. 1931-இல் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முன்னாலும் அதே கோலம்தான்.

1948 ஜனவரி 30 மாலை, டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மூன்று குண்டுகள் பாய்ந்தபோதும் உடம்பில் சட்டை இல்லை.

மதுரை தல்லாகுளத்தில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை பிற்காலத்தில் கலெக்டர்கள் குடியிருந்த மாளிகை. 1959 ஏப்ரல் 15 அன்று அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாக நேரு திறந்துவைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து எட்டிப் பார்த்துப் போகும் கண்ணாடிப் பெட்டி ஒன்று அங்கே உண்டு. உள்ளே இருப்பது அந்த மாலை அவர் அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி. மதுரையில் பிறந்த உடை வைகையைத் தாண்டி வடகரைக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

மேலமாசி வீதி வீட்டில் இப்போது கதர்க்கடை நடக்கிறது.