அமெரிக்க மசில் கார்களின் மறுவருகை

மசில் கார்களின் மறுவருகை என்பது, 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் புகழ்பெற்று 1970களில் நலிந்துபோன ஆற்றல்மிக்க தானுந்து வகை, 2000களில் பழைய பெயர்களுடனும் பழைய தோற்றத்தைத் தழுவிய வடிவங்களுடனும் மீண்டும் தயாரிக்கப்பட்டதைக் குறிக்கும். போர்டு மஸ்டாங் (2005), டாட்ஜ் சேலஞ்சர் (2008), செவர்லே கமாரோ (2010) ஆகியவை இதன் முதன்மையான எடுத்துக்காட்டுகள் ஆகும்.

"மசில்" என்னும் ஆங்கிலச் சொல் தசையைக் குறிக்கும். நடுத்தர அளவும் எளிய விலையும் கொண்ட இருகதவுக் காரில், பெரிய காருக்குரிய வி8 இயந்திரத்தைப் பொருத்துவதே இவ்வகையின் அடிப்படை. மஸ்டாங், கமாரோ போன்ற சிறிய கார்களை "போனி கார்" எனத் தனி வகையாகப் பிரிப்பதும் உண்டு. எனினும் பேச்சுவழக்கில் இவ்வேறுபாடு பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை.

தோற்றமும் வீழ்ச்சியும்

1964 ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்சின் உள்விதி. பான்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல இயந்திரத்தைத் தனி மாதிரியாக அன்றி, வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக அறிவித்து, அவ்விதியைத் தவிர்த்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த மஸ்டாங் முதல் ஓராண்டிலேயே 4 இலட்சத்துக்கும் மேல் விற்றது.

இவ்வளர்ச்சி பத்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. இளைஞர்கள் ஓட்டும் வேகக் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. 1970 இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை தொடங்கியது. 1974 மாதிரியாண்டு மஸ்டாங்கில் வி8 இயந்திரமே இடம்பெறவில்லை.

குதிரைத்திறன் கணக்கு

1970 சேலஞ்சரின் 7.0 லிட்டர் ஹெமி இயந்திரத்துக்கு 425 குதிரைத்திறன் என விளம்பரப்படுத்தப்பட்டது. 2008 சேலஞ்சரின் 6.1 லிட்டர் ஹெமிக்கும் அதே 425 தான். ஆனால் இவ்விரு எண்களும் ஒரே அளவையைச் சேர்ந்தவை அல்ல. பழைய "மொத்த" முறையில், இயந்திரத்தை வண்டியிலிருந்து தனியே எடுத்து, மின்னாக்கி, ஒலியடக்கி முதலிய துணையுறுப்புகள் இன்றி அளந்தனர். 1972 மாதிரியாண்டு முதல், எல்லா உறுப்புகளும் பூட்டப்பட்ட நிலையில் அளக்கும் "நிகர" முறை பரவலாயிற்று. எனவே 1971க்கும் 1972க்கும் இடையே காணப்படும் வீழ்ச்சியில் கணிசமான பகுதி காகிதத்தில் நிகழ்ந்தது. காப்பீட்டுக் கட்டணத்தைக் கருதிச் சில இயந்திரங்களின் எண் குறைத்துக் காட்டப்பட்டதாகவும் கூறப்படுவதால், பழைய விளம்பரங்களைக் கொண்டு நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

இரண்டாம் தலைமுறை ஆற்றலோடு நச்சுப்புகை விதிகளையும் நிறைவுசெய்ய முடிந்ததற்கு, மின்னணு எரிபொருள் உட்செலுத்தலும் வினையூக்கி மாற்றியும் கணினிக் கட்டுப்பாடும் காரணங்கள். கிரைஸ்லரின் 5.7 லிட்டர் ஹெமி, சீராக ஓடும்போது தன் எட்டு உருளைகளில் நான்கை நிறுத்திவைக்கும் வசதியுடனும் கிடைத்தது.

மீண்டும் சந்தையில்

முதல் முயற்சி வெற்றிபெறவில்லை. ஆசுத்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோ காரை 2004 இல் ஜிடிஓ என்னும் பெயரில் பான்டியாக் விற்றது. 350 குதிரைத்திறன் இருந்தும், பழைய ஜிடிஓவின் சாயலற்ற எளிய தோற்றம் வாங்குவோரைக் கவரவில்லை. 2006 உடன் அது நின்றது. அதே 2006 மாதிரியாண்டில் சார்ஜர் என்னும் பெயர் நான்கு கதவுகளுடன் திரும்பியது, பழைய இருகதவுச் சார்ஜரின் அன்பர்கள் பலருக்கு உவப்பாக இல்லை.

மாறாக, 1960களின் முகப்பையும் பக்கவாட்டுக் கோடுகளையும் வெளிப்படையாகத் தழுவிய 2005 மஸ்டாங், முதல் ஆண்டுகளில் ஆண்டுக்கு 1,60,000க்கு மேல் விற்றது. 2006 இல் டெட்ராயிட் கண்காட்சியில் சேலஞ்சர், கமாரோ ஆகியவற்றின் கருத்துரு வடிவங்கள் காட்டப்பட்டதற்கு இதுவும் தூண்டுதலாகும். அவற்றுள் சேலஞ்சர் ஒன்டாரியோவின் பிராம்ப்டனிலும், கமாரோ முதலில் அதே மாகாணத்தின் ஓசாவாவிலும் தயாராயின. கமாரோவின் அடித்தளம் ஆசுத்திரேலியாவில் வடிவமைக்கப்பட்டது. அமெரிக்கத்தன்மையின் அடையாளமாக விற்கப்பட்ட இவை கனடாவில் உருவானவை என்பது பலர் அறியாத செய்தி.

2009 இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்சும் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயின. ஜிடிஓவை ஈன்ற பான்டியாக் வணிகப்பெயர் கைவிடப்பட்டது. கமாரோ பிழைத்து, 2010 முதல் சில ஆண்டுகள் மஸ்டாங்கை விற்பனையில் விஞ்சியது.

ஆற்றல் போட்டியும் முடிவும்

2015 மாதிரியாண்டுச் சேலஞ்சர் ஹெல்கேட் 707 குதிரைத்திறன் கொண்டிருந்தது. 2023 இல் வெளிவந்த டீமன் 170, எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 ஐ எட்டியது. ஆனால் வாங்குவோர் பலர் உயரமான குடும்ப வண்டிகளுக்கு மாறியிருந்தனர். எரிபொருள் சிக்கன விதிகளை எட்டாததற்கு டாட்ஜின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அபராதமும் செலுத்தி வந்தது. சேலஞ்சரின் தயாரிப்பு 2023 டிசம்பரில் முடிந்தது. கமாரோ 2024 மாதிரியாண்டுடன் நின்றது.

2024 இல் சார்ஜர் மின்சாரக் காராக வந்தபோது, அதில் செயற்கையாக உறுமல் ஒலி எழுப்பும் அமைப்பும் பொருத்தப்பட்டது. அதன் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. 2025 இல் ஆறு உருளைப் பெட்ரோல் இயந்திரம் கொண்ட வகையும் சேர்க்கப்பட்டது. 2024 மாதிரியாண்டில் அறிமுகமான ஏழாம் தலைமுறை மஸ்டாங்கில் 5.0 லிட்டர் வி8 இயந்திரம் தொடர்ந்து கிடைக்கிறது.