படுக்கை யார் விருப்பப்படி?

முதியோர் இல்லத்தில் ஒருவர் யாருடன் அறையைப் பகிர்வது, எத்தனை மணிக்குப் படுப்பது? இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சின்ன உரிமைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தில் 1834-ம் ஆண்டு புதிய ஏழைகள் சட்டம் நிறைவேறியது. வழியற்றவர்களுக்கு 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழைகள் விடுதிகள் எழுந்தன. வெளியே கூலி வேலை செய்யும் பரம ஏழையின் வாழ்க்கையைவிட விடுதி வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. அப்போதுதான் யாரும் தேடி வர மாட்டார்கள், வரிப்பணம் மிச்சமாகும் என்பது கணக்கு! உள்ளே வந்தவர்கள் ஏழு வகையாகப் பிரிக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்த வயதான தம்பதியும் வாசலிலேயே பிரிய வேண்டியதுதான். முதியவர்கள் எப்போது எழுவது, எப்போது படுப்பது என்பதையும் நிர்வாகமே தீர்மானித்தது.

இதற்கு எதிர்ப்பு வலுத்தது. 60 வயதைக் கடந்த தம்பதியரைப் பிரிந்திருக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1847-ல் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர, பல விடுதிகளில் தம்பதியருக்கென்று தனி அறை கிடையாது. வரிசையாகக் கட்டில்கள் போட்ட நீண்ட கூடங்கள்தான் இருந்தன.

1948-ல் ஏழைகள் சட்டம் ஒழிந்தது. கட்டடங்கள் ஒழியவில்லை. 1950-களின் இறுதியில் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 முதியோர் இல்லங்களை நேரில் பார்த்தார். பழைய ஒர்க்ஹவுஸ் கூடங்களில் முதியவர்கள் இன்னமும் நெருக்கியடித்துப் படுத்திருந்ததை 1962-ல் நூலாக எழுதினார்.

இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் குடியேறிகளோடு அமெரிக்காவுக்கும் போயிருந்தது. அங்கும் மாற்றம் மெதுவாகவே வந்தது. அறையையோ அறைத் தோழரையோ மாற்றும் முன் முதியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1987-ம் ஆண்டின் சட்டம். 2016-ல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. இருவரும் சம்மதித்தால், கணவன் மனைவி மட்டுமல்ல, விரும்பிய யாருடனும் அறையைப் பகிரலாம். உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் முதியவரே முடிவு செய்யலாம்.

1834-க்கும் 2016-க்கும் இடையே 182 ஆண்டுகள்! இருந்தும் இரவுப் பணிக்கு ஆட்கள் குறைவாக உள்ள இல்லத்தில், ஊழியருக்குத் தோதான நேரமே முதியவரின் உறக்க நேரமாகிவிடும். அன்று வரிப்பணத்தை மிச்சம் பிடித்த அதே கணக்கு, இன்று சம்பளப் பட்டியலில் தொடர்ந்தால் எழுதி வைத்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?