விரல் சொல்லும் பெயர்

பக்தாதில் வாழ்ந்த நூல் வணிகரும் பேரறிஞருமான இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலைத் தொகுத்தார். அரபு மொழியில் அன்றிருந்த நூல்களுக்கெல்லாம் அது ஒரு பெரும் பட்டியல். ஆயினும் பட்டியலோடு நின்றுவிடவில்லை. இந்திய சமயங்களைப் பற்றிய அதன் பகுதியில், புத்தர் சிலையின் தோற்றத்தை விவரிக்கும் சில வரிகளும் உண்டு. அரியணையில் அமர்ந்தவர், முகத்தில் முடியில்லாதவர், புன்னகைப்பவர் போன்றவர் என்று சொல்லி வரும் ஆசிரியர், கைக்கு வந்ததும் ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்தக் கை முப்பத்திரண்டைப் பிடித்திருக்கிறதாம்!

விரல்களை மடித்தும் சேர்த்தும் எண்களைக் குறிக்கும் கணக்குமுறை ஒன்று அந்நாளில் அரபு மக்களிடையே வழங்கிற்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடிந்தால் இரண்டு. பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும், கீழே கிடக்கும் ஊசியை எடுப்பது போலக் கூடினால் முப்பது. இக்கணக்கு நமக்கு முற்றிலும் புதிதன்று. அத்தஹிய்யாத் இருப்பில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஐம்பத்து மூன்று என்னும் அமைப்பில் விரல்களை வைத்துக் கலிமா விரலால் சுட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மார்க்கச் சட்ட நூல்களை ஓதியவர்கள் இதனை நன்கறிவர்.

சிலை வணக்கத்தோடு எவ்வித ஒட்டும் உறவும் இல்லாத ஓர் அறிஞரின் நூலில், ஒரு சிலையின் விரலமைப்பு இத்துணைத் துல்லியமாக இடம்பெற்றிருப்பது நம்மை வியக்க வைக்கிறது. பிறர் சமயத்தை எழுத வந்தவர் அதன் உயிர்நிலையை விட்டுவிடவில்லை. புத்தச் சிலைகளில் கைதான் பெயர், முகமன்று.

இதனை மிகத் தெளிவாகக் காணக் கூடிய நாடு ஜப்பான். ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாக அங்கே சென்ற புத்த சமயம், காடுகள் நிறைந்த அந்நாட்டில் மரத்தையே தன் முதன்மையான சிற்பப் பொருளாக்கிக் கொண்டது. முதலில் கற்பூர மரம், பின்னர் ஹினோகி எனும் சைப்ரஸ் இன மரம். இந்தியாவிலிருந்து சென்ற முத்திரைகள் அங்கே ஓர் இலக்கணமாகவே வளர்ந்தன.

ஷாகா எனப்படும் சாக்கிய முனிவரின் வலக்கை உயர்ந்து ‘அஞ்சேல்’ என்கிறது. இடக்கை தாழ்ந்து ‘வேண்டியது தருவேன்’ என்கிறது. அபயம், வரதம் என்று நம் நாட்டில் வழங்கும் அதே முத்திரைகள். மேலுலகின் தலைவராகக் கருதப்படும் அமிதாவும் சில சிலைகளில் இவ்வாறே கைகளை வைத்திருப்பார். ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் கூடி வளையமாகும். இறக்கும் தறுவாயில் இருப்பவரை எதிர்கொண்டு அழைக்கும் முத்திரை அது. வளையம் இல்லையேல் ஷாகா, உண்டேல் அமிதா. இப்னு நதீமின் முப்பது இங்கே ஒருவருடைய பெயராகவே நிற்கிறது!

டோக்கியோவில் 1678-இல் நிறுவப்பட்ட ஜோஷின்ஜி கோயிலில் அமர்ந்த நிலையில் ஒன்பது அமிதாக்கள் உண்டு. உடலும் முகமும் ஏறத்தாழ ஒன்றே. பெருவிரலோடு கூடுவது சுட்டுவிரலா, நடுவிரலா, மோதிரவிரலா என்பது ஒரு வேறுபாடு. கைகள் இருப்பது மடியிலா, மார்பின் முன்னா, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்துமா என்பது மற்றொன்று. மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பது. மக்களின் தகுதிக்கேற்ப மேலுலகப் பிறப்பு ஒன்பது படிகள் என்பது அவர்கள் கொள்கை. கணக்கர்களுக்கும் சிற்பிகளுக்கும் விரல்கள் ஒரே விதமாகப் பயன்பட்டிருக்கின்றன என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி, தச்சு வேலையைச் சற்று நோக்குவோம். ஒரே அடிமரத்தில் உடலைச் செதுக்கிய காலத்திலும் கைகளைப் பெரும்பாலும் தனியே செய்துதான் பொருத்தினார்கள். கி.பி. 1053-இல் சிற்பி ஜோச்சோ, ஊஜியில் உள்ள பியோதோஇன் கோயிலுக்காக ஏறத்தாழ 2.8 மீட்டர் உயர அமிதாவைச் செய்தபோது, பல கட்டைகளை இணைத்து உட்புறத்தைக் கூடாக விடும் முறை முழுமை பெற்றிருந்தது. மரம் வெடிப்பது குறைந்தது. பலர் கூடி வேலை செய்யவும் முடிந்தது. கி.பி. 1176-இல் இளைஞர் உன்கேய், நாரா அருகே என்ஜோஜி கோயிலுக்குச் செய்த தைனிச்சி சிலை ஒரு மீட்டர் உயரம்தான். அதற்கு ஏறத்தாழ பதினோரு மாதம் உழைத்தார் என்பதும், 43 பட்டுச் சுருள்கள் கூலியாகப் பெற்றார் என்பதும் பீடத்தில் அவர் எழுதிய குறிப்பால் தெரிகின்றன. நிமிர்ந்த இடக்கைச் சுட்டுவிரலை வலக்கை மூடிப் பிடிக்கும் ஞான முத்திரையே அச்சிலையின் அடையாளம்.

மரத்தின் இழையோட்டத்துக்குக் குறுக்கே நீளும் விரல் எளிதில் முறியும். கையை மணிக்கட்டில் பொருத்திய பசையும் நாளடைவில் விடும். ஆக, சிலையின் பொருள் எந்த உறுப்பில் குடியிருக்கிறதோ அதுவே முதலில் அழியும் உறுப்பு! மருத்துவராகக் கருதப்படும் யகுஷி இடக்கையில் மருந்துச் சிமிழ் ஏந்துவார். அந்தக் கை வீழ்ந்துவிட்டால் அவரை ஷாகாவிலிருந்து பிரித்தறிதல் அரிது. ஹோர்யூஜி கோயிலின் பொன் மண்டபத்தில் இருக்கும் பழைய யகுஷிக்குச் சிமிழே இல்லை. கைகளும் அங்குள்ள ஷாகாவின் கைகளைப் போன்றவையே. அவை வெண்கலச் சிலைகள். முதுகுப்புற ஒளிவட்டத்தில் பொறித்த எழுத்துதான் பெயரைக் காக்கிறது. மரச்சிலைகள் பலவற்றுக்கு அத்தகைய எழுத்தும் இல்லை.

இன்று நாம் காணும் பழஞ்சிலைகள் பலவற்றின் கைகள் பிற்காலத்தவர் செய்து பொருத்தியவை. புதிய கையைப் பொருத்துபவர் சிலைக்குப் புதிய பெயரே இட்டுவிடக் கூடும். ஆதலால் இது வெறும் தச்சு வேலையன்று. பொறுப்பான வரலாற்றுப் பணி. 1868-க்குப் பின் ஷிந்தோ சமயத்தைப் புத்த சமயத்திலிருந்து பிரிக்கும் அரசாணையை ஒட்டி எழுந்த கலவரங்களில் எண்ணற்ற சிலைகள் சிதைந்தன. 1897-இல் பழங்கோயில்களைக் காக்கும் சட்டம் வந்தது. மறு ஆண்டு ஒக்ககுரா தென்ஷின் நிறுவிய கலைக்கழகத்தின் சிற்பிகள், நாராவில் நீயிரோ சூனோசுகே தலைமையில் பழுது பார்க்கும் பணியை மேற்கொண்டனர். இருப்பதை இருந்தவாறு நிலைநிறுத்துவதே அவர்கள் கொண்ட நெறி. அழகாக்குவதை விட அது கடினமானது.

கியோட்டோவின் கோரியூஜியில் ஏழாம் நூற்றாண்டு மிரோக்கு சிலை ஒன்று உண்டு. சிவப்புப் பைன் மரம். கொரிய வெண்கலச் சிலை ஒன்றோடு இது பெரிதும் ஒத்திருப்பதால், கொரியாவிலேயே செதுக்கப்பட்டதோ என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரு காலை மடித்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் அவ்வுருவின் வலக்கை விரல்கள் கன்னத்தை நெருங்குகின்றன, தொடுவதில்லை. 1951-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட அச்சிலையை 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாணவர் ஒருவர் நெருங்கியபோது மோதிரவிரல் முறிந்தது. நாடே பதைத்தது. புதிய விரல் எதுவும் செதுக்கப்படவில்லை. முறிந்த துண்டுகளையே மீட்டெடுத்து, பழைய இடத்திலேயே ஒட்டினார்கள். கன்னத்துக்கும் விரலுக்கும் நடுவே சிற்பி விட்டுச் சென்ற சிறு இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது.