பழனி மலையில் பெருந்தொற்றுக்குப் பிந்தைய மீட்சி: பட்டியலினப் பெண்களின் வேலையும் வறுமையும்

கொடைக்கானலின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிப்பது ஏப்ரல், மே மாதங்களை மையமாகக் கொண்ட கோடைப் பருவம். பெருந்தொற்றுக் காலத்தில் அடுத்தடுத்து இரண்டு கோடைகள் இல்லாமற் போயின. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு முதற்பருவத்தை விழுங்கியது. 2021 ஏப்ரல் 20 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு விதிக்கப்பட்ட தடை இரண்டாவதையும் கொண்டுபோயிற்று. அதன்பின் பயணிகள் திரும்பினர். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டும் என்னும் அளவுக்குக் கூட்டம் பெருகியது. வாகன எண்ணிக்கையே அளவுகோலானால் கொடைக்கானல் மீண்டுவிட்டது. விடுதிகளின் பின்கட்டில் அறை துடைத்து, விரிப்பு வெளுத்து, பாத்திரம் கழுவும் பெண்களுக்கு எத்தனை நாள் வேலை திரும்பியது என்பதை எந்த இ-பாஸும் எண்ணுவதில்லை.

தேசிய அளவிலும் இதே குழப்பம் உண்டு. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 விழுக்காடாக உயர்ந்தது. இதனைப் பெண்களின் முன்னேற்றம் என்று கொண்டாடியோர் பலர். ஆனால் அதே கணக்கெடுப்பில், வேலையிலுள்ள பெண்களுள் சுயதொழில் செய்வோரின் பங்கு 51.9இலிருந்து 67.4 விழுக்காடாகவும், அவர்களுள் அடங்கும் ஊதியமற்ற குடும்ப உதவியாளரின் பங்கு 31.7இலிருந்து 36.7 விழுக்காடாகவும் ஏறியுள்ளன. கணவரின் தோட்டத்தில் காசின்றிக் களையெடுப்பவரும் இங்கே 'வேலையில் இருப்பவர்'தான்.

பழனி மலையில் இந்த எண்களைச் சாதியோடும் நிலத்தோடும் சேர்த்தே படிக்க வேண்டும். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை ஊர்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளைகின்றன. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை. நிலமுள்ள வீட்டுப் பெண் நெருக்கடியில் சொந்தத் தோட்டத்தில் இறங்கினால் கூலி கிடைக்காவிட்டாலும் விளைச்சல் வீட்டுக்கு வரும். காலனிப் பெண்ணுக்கு அந்தப் போக்கிடமும் இல்லை. பிறர் கூப்பிட்டால்தான் அவருக்கு வேலை. தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951) குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறு தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்தவர்களுக்குக் குழந்தைக் காப்பகமோ குடியிருப்போ கேட்கும் உரிமை அச்சட்டத்தால் கிடைக்கவில்லை.

மலைப் புலையர்களின் நிலை இதனினும் சிக்கலானது. தலைமுறைகளாக இம்மலையில் வாழும் இவர்கள் பட்டியல் சாதியினராக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்குமாறு நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். இதை வெறும் சான்றிதழ்ப் பிரச்சினையாகக் கருதுவோர் வன உரிமைச் சட்டத்தைப் (2006) படிக்க வேண்டும். பழங்குடியல்லாதோர் வன நிலத்தில் உரிமை கோர 75 ஆண்டுக்கால வசிப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். தாள்களைச் சேர்த்து வைக்க வாய்ப்பில்லாத ஒரு சமூகத்துக்கு, நிலம் பெறும் வழி அங்கேயே அடைபடுகிறது.

எஞ்சியிருந்தது நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் வேலைநாட்களில் பெண்களின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். 2020-21இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 389 கோடி மனித வேலைநாட்கள் உருவாயின. அவ்வாண்டு தமிழ்நாட்டுக் கூலி 256 ரூபாய். அந்த நெருக்கடி தணியுமுன்பே, 2021-22 முதல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஏனையோர் எனக் கூலியைப் பிரித்து வழங்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஒரே பணித்தளம், ஒரே வருகைப் பதிவேடு. கூலி மட்டும் சாதிவாரியாக வெவ்வேறு நாளில் வந்தது. ஒரு பிரிவினர்க்குப் பணம் வந்து மற்றவர்க்கு வராத இடங்களில் அது பூசலுக்கும் வித்திட்டது. எதிர்ப்பு வலுத்தபின் அவ்வாண்டிலேயே இம்முறை திரும்பப் பெறப்பட்டது. இதை நிர்வாகத் தவறு என்று சொல்லி முடித்துவிட முடியாது. கணக்குத் தலைப்பின் வசதிக்காகச் சாதியைப் பணித்தளத்துக்குள் கொண்டுவந்த முடிவு அது.

திட்டத்தின் ஒதுக்கீடும் சுருங்கிற்று. 2020-21 திருத்திய மதிப்பீட்டில் 1,11,500 கோடி ரூபாயாக இருந்தது, 2023-24 நிதிநிலை அறிக்கையில் 60,000 கோடியாயிற்று. 2023 ஜனவரி முதல் பணித்தளப் பொறுப்பாளர் நாள்தோறும் இருமுறை கைபேசிச் செயலியில் படமெடுத்து வருகை பதிவது கட்டாயமானது. சிக்னல் நிலையற்ற மலையூர்களில் பதிவு தவறினால் அன்றைய கூலியும் ஐயத்துக்குள்ளாகும்.

மாநில அரசின் உதவிகள் உண்மையில் பயன் தந்தன. எனினும் மலைக்கு அவை தாமதமாகவே ஏறின. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் நகரப் பேருந்துகளுக்கானது. கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு அதனை விரிவுபடுத்தும் அறிவிப்பு 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. மீட்சிக் காலத்தின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விடுதி வேலைக்குச் சென்ற பெண் தன் கூலியிலிருந்தே பயணச்சீட்டு வாங்கினார். (வாகனச் சாலையின்றியே தலைமுறைகளைக் கடந்த வெள்ளகவி போன்ற ஊருக்கு அந்தப் பேச்சும் இல்லை.) 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். அன்றைய நூறு நாள் வேலைக் கூலியான 294 ரூபாயோடு ஒப்பிட்டால், அது மூன்றரை நாள் கூலிக்கும் குறைவு.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் வறியோர் 2015-16இல் 4.76 விழுக்காடு, 2019-21இல் 2.20 விழுக்காடு. மின்சாரம், கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு உள்ளிட்ட 12 குறியீடுகளால் அது அளக்கப்படுகிறது. கூலியும் கடனும் அவற்றுள் இல்லை. மின்னிணைப்பும் வங்கிக் கணக்கும் உள்ள வீட்டில் ஒரு பெண் மூன்று மாதம் வேலையின்றி, வட்டிக்கு வாங்கி அரிசி பொங்கினாலும் அக்கணக்கு அசையாது.

மாற்றுக் கணக்குக்கு வேண்டிய தரவு கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சிவாரியாகப் பட்டியல் சாதியினர் பெற்ற நாட்களும் பெண்கள் பெற்ற நாட்களும் வெளியிடப்பட்டுள்ளன. கொடைக்கானல் ஒன்றியத்து ஊராட்சிகளின் 2020-21 எண்களைப் பின்வந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டு, கிராம சபையில் வாசிக்கச் செய்வது ஒரு கல்லூரி மாணவர் குழுவுக்குச் சில நாள் வேலை.