இசைத்தட்டும் ஊசியும்

பழைய இசைத்தட்டுப் பெட்டிக்கு மாற்று ஊசி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் பெட்டியின் பெயரையே கடைக்காரரிடம் கூறுவர். அஃது ஒன்றே போதாது. ஏன் போதாது என்பதை ஊசியின் வரலாறு தெளிவாக்கும்.

1877-ஆம் ஆண்டில் எடிசன் வெள்ளீயத் தாளில் ஒலியைப் பதித்துக் காட்டினார். பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் வட்டத் தட்டில் ஒலிபதிக்கும் முறையைக் கண்டார். பின்னாளில் அத்தட்டுகள் அரக்கும் கற்பொடியும் கலந்து செய்யப்பட்டன. கற்பொடியால் ஒரு பயன் விளைந்தது. எஃகு ஊசியைத் தட்டின்மேல் வைத்ததும், முதற் சில சுற்றுகளிலேயே அப்பொடி ஊசிமுனையைத் தேய்த்துத் தட்டின் பள்ளத்திற்குப் பொருந்துமாறு ஆக்கிவிடும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் அவ்வூசியை எறிந்துவிட வேண்டும் என்பதே அக்கால விதி. காசை மிச்சம் பிடிக்க ஓர் ஊசியையே பன்முறை இட்டவர்களுடைய தட்டுகள் விரைவில் கெட்டன.

1948-ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம், நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டை வெளியிட்டது. தட்டு வினைலால் ஆயது. பள்ளம் மிக நுண்ணியது. இதற்கு நீலக்கல் முனையும் வைர முனையும் வழக்கில் வந்தன. இவற்றுள் வைரமே நெடுநாள் உழைப்பது. இம்முனைகள் தேய்ந்தால் தட்டுக்குக் கேடு. முனையின் அளவு பொருந்தாவிடினும் கேடே.

78 சுற்றுத் தட்டுக்குரிய முனையின் ஆரம், அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ 3 கூறு. எல்.பி. தட்டுக்கு 1 கூறு. 1958-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய ஸ்டீரியோத் தட்டுக்கு 0.7 கூறு. மெல்லிய முனையை 78 தட்டில் இட்டால், அது பள்ளத்தின் அடியில் அலைந்து புழுதியின் இரைச்சலையே எழுப்பும். தடித்த முனையை எல்.பி. தட்டில் இட்டால், அது பள்ளத்தின் விளிம்பைச் சிதைக்கும். அதனாலேயே அக்காலப் பெட்டிகள் பலவற்றில், இருவகை முனைகளையும் தாங்கித் திருப்பிக்கொள்ளும் அமைப்பு இருந்தது.

ஆதலின், மாற்று ஊசி தேடுவோர் முதற்கண் தம்மிடம் உள்ளவை எக்காலத்துத் தட்டுகள் என்பதைக் காண வேண்டும். அடுத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் பொறித்துள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டி செய்தோர் பலர் கார்ட்ரிட்ஜைப் பிற நிறுவனங்களிடம் வாங்கியே பொருத்தினர். அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியை நிறுத்திவிட்டபோதிலும், அவற்றுக்குரிய ஊசிகளை ஜப்பானின் ஜிக்கோ நிறுவனம் செய்துவருகிறது. எண் தெரிந்தால் ஊசி கிடைக்க வழியுண்டு.

எஸ். ஜி. கிட்டப்பா 1933-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் குரல் நமக்கு எஞ்சியது 78 சுற்றுத் தட்டுகளின் வாயிலாகவே. அத்தகைய தட்டைப் பொருந்தா ஊசி ஒருமுறை கீறிவிட்டால், அதில் மீண்டும் பாடிப் பதிக்க அவர் இல்லை. தக்க ஊசி கிடைக்கும்வரை தட்டைச் சுழற்றாது உறையிலேயே வைத்திருத்தல் நன்று.