அயர்லாந்துப் பஞ்சமும் சாக்டா மக்களின் காணிக்கையும்

வறியோரே வறியோரின் துயரை அறிவர், செல்வர் அறியார் என்று நம் பிரசங்கங்களில் பலமுறை கூறியுள்ளோம். வாசலில் கிடந்த லாசருவைக் கண்டும் காணாதிருந்த ஐசுவரியவானும், இரண்டு காசு போட்ட விதவையும் இதற்குச் சான்றாவர். ஆனால் காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியனிடம் வாகனமும் பணமும் இருந்தன. இக்கேள்வியைச் சரித்திரத்தில் வைத்து ஆராய, 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் தொடங்கிய அயர்லாந்துப் பெரும்பஞ்சம் ஏற்ற களமாகும். அதில் சுமார் 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

1847 மார்ச் 23 அன்று, இன்றைய ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள ஸ்கல்லிவில்லில் அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்கள் கூடி, அயர்லாந்தின் பசித்தோருக்காக 170 டாலர் திரட்டினர். 1830ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மிசிசிப்பியிலிருந்த தங்கள் நிலத்தை இழந்து, கடுங்குளிரிலும் காலராவிலும் மேற்கு நோக்கித் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். அப்பயணத்தில் மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். பசியோடு நடந்த அந்நாட்களின் நினைவு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அயர்லாந்தும் அவர்களை மறக்கவில்லை: 2017இல் கார்க் மாவட்டத்து மிடில்டனில் இறகு வடிவிலான நினைவுச்சின்னம் ஒன்று அவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது.

இங்கேயே நிறுத்திக்கொள்ள மனம் விழைகிறது. ஆயினும் அதே காலத்தில் சாக்டா மக்களுள் சிலர் கறுப்பின அடிமைகளை உடையவராயிருந்தனர். அவ்வடிமைகளும் எசமானரோடு அதே வழியில் கொண்டுசெல்லப்பட்டவர்களே. 1866ஆம் ஆண்டு உடன்படிக்கையே அவர்களுக்கு விடுதலையை உறுதிசெய்தது. பட்ட பாடு, தொலைவிலிருந்த அயர்லாந்தியர்பால் கண்ணைத் திறந்தது; தன் வீட்டிலிருந்த அடிமையின்பால் திறக்கவில்லை.

செல்வர் நிலையும் இவ்வாறே ஒருபடித்தானதன்று. டப்ளினின் குவேக்கர் வணிகர்கள் 1846 நவம்பரில் துயர்துடைப்புக் குழுவொன்றை அமைத்து, சுமார் 2 லட்சம் பவுன் மதிப்புள்ள உதவியைப் பகிர்ந்தளித்தனர். யார்க் நகரின் வசதியான குவேக்கர் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஹேக் டியூக், 1847இல் கன்னாட் பகுதிக் குடிசைகளுக்கு நேரில் சென்று, கண்டதை எழுதி வெளியிட்டார். பின்னர் யார்க்கில் அடைக்கலம் புகுந்த அயர்லாந்தியரைப் பராமரிக்கையில் தாமே காய்ச்சலுக்குள்ளானார்.

இவருக்கு எதிரே நிற்பவர் சார்லஸ் ட்ரெவெலியன். லண்டன் கருவூலத்தில் பஞ்ச நிவாரணத்தை நடத்திய அதிகாரி, குருவானவர் ஒருவரின் மகன், பக்தர், உழைப்புக்கு அஞ்சாதவர். அவரைக் கல்நெஞ்சர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. நமக்கு அச்சந்தருவது அவருடைய இறையியலே. பஞ்சத்தைக் கடவுளின் பராமரிப்புச் செயலாக, ஒரு சமுதாயத்தின் கேட்டைத் திருத்தவந்த மருந்தாக அவர் கண்டார். மக்கள் இன்னும் மடிந்துகொண்டிருந்த 1848இல், பஞ்சம் முடிந்துவிட்டது போல அதைப்பற்றி நூலும் எழுதினார். பஞ்ச காலத்தில் அவர் அயர்லாந்தை அறிந்தது பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே. கடவுளின் சித்தத்தை மேசையிலிருந்தே விளக்கும் சோதனை போதகராகிய நமக்கும் உண்டு.

இவரே 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். மறு ஆண்டே, கல்கத்தா அரசு விதிக்கவிருந்த புதிய வரிகள் மக்களுக்கு ஒவ்வாதவை என்று எதிர்த்து, அவ்வெதிர்ப்பை அச்சிலும் வெளியிட்டமையால் பதவியிழந்து திரும்ப அழைக்கப்பட்டார். அது முழுவதும் பரிவே என்று நாம் சொல்லத் துணியோம்; நிர்வாகக் கொள்கையும் அவருடைய பிடிவாதமும் அதில் கலந்திருந்தன. எனினும் இம்மாகாணத்து மக்களிடையே ஓராண்டுக்கு மேல் அவர் வாழ்ந்திருந்தார். பஞ்ச ஆண்டுகளில் கன்னாட்டில் அவர் அவ்வாறு வாழ்ந்ததில்லை.