இலங்கை மலாய்மொழியும் தமிழின் வேற்றுமை அமைப்பும்

மஞ்சக்குப்பத்திற்குத் தெற்கே உள்ள பரங்கிப்பேட்டையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் தமிழ் முசுலிம் வணிகர்தம் மரக்கலங்கள் அச்சைக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் சென்று மீண்டன. கப்பல், கடை, பெட்டி என்னும் நம் சொற்கள் மலாயில் 'காப்பால்', 'கெடாய்', 'பெத்தி' என வழங்குதல் பலரும் அறிந்ததே. சொற்கடன் எத்துறைமுகத்திலும் நிகழும். அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. நாம் ஆராயப் புகுவது, ஒரு மொழியின் இலக்கணமே அயல்வார்ப்பில் மாறியமையை.

மலாய் ஆசுத்திரோனேசியக் குடும்பத்தது. மடகாசுகர் முதல் ஈசுட்டர் தீவுவரை பரந்த அக்குடும்பத்தில் 1,200க்கு மேற்பட்ட மொழிகள் உள. போர்னியோவின் ஆற்றங்கரைகளிற் பல கிளைவழக்குகளாய்ப் பிரிந்து வழங்கும் காயனும் அவற்றுள் ஒன்று. மலாய் பேசுவோர், ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இலங்கைக்குக் கொணரப்பட்டனர். ஆங்கிலேயர் அவர்களைச் சேர்த்து நடத்திய படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1869இல், பாபா யூனூசு சல்தீன் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய் இதழை அரபு எழுத்தில் வெளியிட்டார்.

'நான் சோறு உண்கிறேன்' என்பது மலாயாவில் 'சாயா மாக்கான் நாசி'. இலங்கையிலோ 'செ நாசி அரமாக்கங்'. வினை தொடரின் ஈற்றுக்குச் சென்றுவிட்டது. 'நான் வேண்டும்' என்னும் அமைப்பினதாகிய 'சாயா மாவு', 'செதங் மாவு' என, அஃதாவது 'எனக்கு வேண்டும்' என, நான்காம் வேற்றுமை ஏற்றது. வேற்றுமையுருபே இல்லாதிருந்த மொழியில் இரண்டாவதற்கு 'யங்', நான்காவதற்கு 'நங்', ஐந்தாவதற்கு 'தெரிங்', ஆறாவதற்குப் 'பெ', ஏழாவதற்குக் 'கா' தோன்றின. உடைமை குறித்த 'புன்யா' என்னும் சொல்லே தேய்ந்து 'பெ' ஆயிற்று. உருபுகள் தமிழிலிருந்து கடன்கொண்டவை அல்ல என்பதை மாணாக்கர் மறத்தல் ஆகாது. கல் மலாயினது, கட்டடம் பிறிது.

அக்கட்டடம் தமிழினதா, சிங்களத்தினதா? சோனகரோடு கொண்ட சமய உறவையும் மணவுறவையும் காட்டித் தமிழே என்றனர் ஒருசாரார். அம்மணவுறவு அத்துணைப் பெரிதன்று என்றார் உம்பெர்த்தோ அன்சால்தோ. வினை ஈற்றில் நிற்றலும் 'எனக்கு வேண்டும்' என்னும் அமைப்பும் சிங்களத்திற்கும் உரியவை; ஆதலின் அவை வழக்கைத் தீர்க்கா. இரண்டாம் வேற்றுமையே உரைகல். சிங்கள 'வ' பெரும்பாலும் உயிருடைப் பொருட்பெயரையே சாரும். மலாய் 'யங்', நம் ஐயுருபு போல, உயிரில் பெயரோடும் வரும். எனவே தமிழின் பங்கே மிகுதி என நாம் துணிகிறோம். எனினும் 'அர' முதலிய காலங்காட்டிகள் வினைக்கு முன்னரே நிற்கின்றன. நம் இடைநிலைபோல் அவை வினையடிக்குப் பின் செல்லவில்லை. தமிழ்ச் சார்பினர் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

மலைநாட்டு வழக்கு, கொழும்பு வழக்கு, தென்கடற்கரைக் கிரிந்த வழக்கு என இன்று இது பிரிந்துள்ளது. மலைநாட்டு வழக்கிற்கு 2009இல் செபாசுத்தியன் நோர்தோபு விரிவான இலக்கணம் வகுத்தார். பேசும் இனத்தார் ஏறத்தாழ 40,000 பேரே. கொழும்பில் இளையோர் ஆங்கிலத்திற்கும் சிங்களத்திற்கும் மாறிவருகின்றனர். சிறார் இதனைத் தாய்மொழியாகவே பயின்று வளர்வதாக ஆய்வாளர் சிறப்பித்துக் குறித்த ஊர் கிரிந்த.